அன்னாசிச் செடியில் மூன்று சொட்டு மண்ணெண்ணெய்

மன்னார்குடியில் நான் இருந்த பதினோரு நாளில் நடந்தவை:

1. கைப்பைக்குள் அடங்கும் ஒரு நுண்ணோக்கியோடு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தேன்.
2. ஓர் இலையிடுக்கில் தேங்கியிருந்த இரண்டு கரண்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
3. சுகாதார ஆய்வாளர் வந்து, மொட்டைமாடியில் இருந்த நூற்றுப் பத்துச் செடிகளையும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கவிழ்த்துவிட வேண்டும் என்றார்.
4. நான்காம் நாள், தோழியின் அப்பா அவற்றில் அறுபத்திரண்டு செடிகளில் மண்ணெண்ணெய் விட்டார்.
5. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.
6. இரண்டு நாள் மழை.
7. ஆய்வாளர் சொன்ன நாளில் வந்தார்.

ஈப்போவில் ஓர் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளை எடுத்து, அவற்றில் இருக்கும் சிற்றுயிர்களை இனம் பிரித்து எண்ணுவது என் வேலை. பிரோமிலியாட் செடிகளை எங்கள் ஊரில் ஓட்டல் வாசலிலும் சாலை வளைவுகளிலும் நட்டுவைத்திருப்பார்கள். அன்னாசியின் குடும்பம். இலைகள் அடியில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிண்ணம்போல ஆகி, அதில் மழைநீர் நிற்கும். நகராட்சி ஆட்கள் வந்து மணல் போன்ற கொசு மருந்தைத் தூவிவிட்டுப் போவார்கள். என் படிவத்தில் அது ஒரு கட்டம்: நீர் தேங்கும் இடம், மருந்து இட்டாயிற்று. அதற்குமேல் அந்தச் செடியை நான் பார்த்ததில்லை.

செல்வி பார்த்திருந்தாள். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். இந்தச் செடிகளின் இலைத்தண்ணீரில் டெல்டாவின் எந்தெந்த உயிர்கள் வந்து குடியேறுகின்றன என்பது அவள் கேள்வி. ஒரு வருடமாக மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தோம். சீக்கிரம் எண்ணும் முறையைக் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டாள். விடுப்புப் போட்டுக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் ஏறிய பேருந்து வடுவூரைத் தாண்டி நின்றுவிட்டது. சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நெல். குறுவை அறுத்துக் காயப்போட்டிருந்தார்கள். மேற்கே வானம் கறுத்து வந்தது. நாலைந்து பெண்கள் நெல்லைக் கூட்டிக் குவிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி போவணும்னா நெல்லு நகரணும். எறங்குங்க, ஆளுக்கு ஒரு கை குடுங்க" என்றார் நடத்துநர்.

"ஏங்க, டிக்கெட்டும் எடுத்துட்டு வேலையும் பாக்கணுமா?" என்றார் முன் இருக்கைப் பெண். கேட்டுக்கொண்டே முதலில் இறங்கியவரும் அவர்தான்.

தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையில் நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண்.

"எந்த ஊரும்மா?"

"மலேசியாங்க."

"அங்கயும் நெல்லு ரோட்டுலதான் காயுதா?"

"மிஷின்ல காய வைப்பாங்க."

"அப்ப மழை வந்தா யாரு ஓடுவா?"

யாரும் ஓட வேண்டியதில்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். பேருந்து நகர்ந்ததும் மழை பிடித்தது. அத்தனை பேரும் திரும்பித் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

இரண்டாம் நாள் புதன்கிழமை. செல்வி மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மொட்டைமாடியும் அவள் பொறுப்பு. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகச் செடிகள். சில முழங்கால் உயரம், சில ஒரு தாம்பாளம் அளவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய தகடு.

"இருபத்தேழாம் நம்பரைப் பாரு. எதையும் தொடாதே. சும்மா பாரு" என்றாள்.

முதல் ஐந்து நிமிடம் தண்ணீர்தான் தெரிந்தது. தேநீர் நிறம். பிறகு இலையின் அடிப்பகுதி அசைந்தது. அது இலை இல்லை, ஊசித்தட்டானின் குஞ்சு. வாலில் மூன்று இறகு வைத்ததுபோல ஒட்டிக்கிடந்தது. அடுத்த இலையிடுக்கில் நீர்த்தெள்ளுகள் துள்ளின. அதற்கடுத்ததில் மட்கிய இலைத்துணுக்குகளைப் புழுக்கள் அரித்துக்கொண்டிருந்தன. அவை தின்று கழிப்பதுதான் செடிக்கு உரம். இந்த இனத்தில் வேருக்குப் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும் வேலைதான். குடிப்பதும் உண்பதும் இலையின் மேலிருக்கும் நுண்ணிய செதில்களால். அதாவது இந்தச் செடி தன் சாப்பாட்டுக்காக ஒரு குளத்தைத் தானே கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்துக் காத்திருக்கிறது. பல வருடம் கட்டம்போட்டு மருந்து எழுதிய எனக்கு இது ஏட்டில் தெரியும். கண்ணால் அன்றுதான் தெரிந்தது.

நடுக்கிண்ணத்தில் கருஞ்சிவப்பாய், அரை விரற்கடை நீளத்தில் ஒரு புழு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. யானைக்கொசுவின் புழு. வளர்ந்தால் பெரிய கொசுதான். ஆனால் கடிக்காது, பூந்தேன் குடிக்கும். சிறுவயதில் மட்டும் மற்ற கொசுக்களின் புழுவைப் பிடித்துத் தின்னும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசுப்புழு பக்கத்தில் வந்தது. அடுத்த கணம் அது இல்லை.

இந்தச் செடிகளின் பூர்வீகம் கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்துக் காடுகள். அங்கே அவற்றின் தண்ணீரில் வாழும் தவளைகளும் நண்டுகளும்கூட உண்டு. அவற்றில் எதுவும் கூட வரவில்லை. செடி மட்டும் தனியாக வந்தது. அதன் கிண்ணங்களில் இருந்தவை அத்தனையும் மன்னார்குடிக் குளத்திலும் சுற்றுவட்டார வயலிலும் பிறந்தவை. யார் இவற்றுக்கு வழி சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் செல்வி. அதற்குள் படியேறி வரும் சத்தம்.

சுகாதார ஆய்வாளர் ஐம்பது வயதுக்காரர். கையில் டார்ச்சும் ஒரு நீண்ட கரண்டியும்.

"என்னம்மா இது, அன்னாசித் தோட்டமா?"

"ஆராய்ச்சி சார்."

"கொசுவுக்கு ஆராய்ச்சி எது அண்டா எதுன்னு தெரியுமா?" கரண்டியால் மூன்று செடிகளில் மொண்டு பார்த்தார். இரண்டாவதில் ஒரு கொசுப்புழு நெளிந்தது. "பின்னாடித் தெருவுல ரெண்டு புள்ளைங்க டெங்குல கெடக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. ஒண்ணு எல்லாத்தையும் கவுத்துருங்க. இல்ல, மருந்து விட்டுருவோம்."

இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். கவிழ்த்தால் உயிர்கள் போகும், மருந்து விட்டாலும் போகும். இரண்டு மழைக்காலம் எண்ணி முடித்திருந்தாள். இது மூன்றாவது, கடைசி. மார்கழி வரை தண்ணீர் நின்றால்தான் ஆய்வேடு முழுமையாகும். நின்று கெஞ்சியதில் ஒன்பது நாள் கிடைத்தது. "வர்ற வாரம் வெள்ளிக்கிழமை வருவேன். ஒரு புழு இருந்தாலும் எனக்குப் புழுதாம்மா" என்று சொல்லி இறங்கினார். அவர் சொன்னதில் எனக்கும் தப்பு தெரியவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் காலை, செடியின் அடியிலையில் ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்த மரத்தவளை ஒன்றைச் செல்வி ஈரக்கையால் மெல்ல எடுத்தாள். ஒரு கோப்பைச் சுத்தமான தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்து, பழைய இடத்திலேயே விட்டாள். தவளை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. கோப்பைத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தோம்.

மூன்று உருண்டைகள். கடுகைவிடச் சிறியவை, சிப்பிபோல இரண்டு ஓடு. சற்று நேரம் கல்லாய்க் கிடந்தன. பிறகு ஒன்று ஓட்டைத் திறந்து, மெல்லிய கால்களை வெளியே நீட்டி, நீந்திப் போனது.

"சிப்பிப்பூச்சின்னு நான் பேர் வச்சிருக்கேன். வயல் தண்ணியில இருக்கறது. ஓட்டை இறுக்கி மூடிட்டு தவளைத் தோலைக் கவ்விக்கும். தவளை வயலைவிட்டுக் கெளம்பி, செவுரேறி, ரெண்டு மாடி ஏறி இங்க வந்து உக்காரும். இது எறங்கிக்கும்" என்றாள்.

நான் கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மிக அருகிலிருந்த வயல், தென்னந்தோப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அப்பால் பச்சைக் கோடாகத் தெரிந்தது. அந்தத் தூரத்தை ஒரு தவளையின் முதுகில் கடந்திருக்கிறது. வந்த இடத்தில், வேறு கண்டத்துச் செடி அதற்கென்று குளம் வெட்டி வைத்திருக்கிறது. அன்று பகலெல்லாம் வேறு எதைப் பற்றியும் என்னால் பேச முடியவில்லை. மெஸ்ஸில் சாம்பாரை ஊற்றியவர், "போதுமான்னு கேட்டா பதில் சொல்லணும் தங்கச்சி" என்று இரண்டு முறை சொன்னாராம்.

நான்காம் நாள் கல்லூரிக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினோம். மாடியில் செல்வியின் அப்பா மாணிக்கம் இருந்தார். பூதலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறவர். அவர் பெற்றோர் கூலிக்கு உழுத நிலத்தில் ஒரு பகுதியைத் தானே வாங்கியவர். செடிகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று மகள் போனில் அழுததும், முதல் பேருந்தில் கிளம்பி வந்திருக்கிறார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறுகையில் காதுக்கு மருந்து விடும் சின்னக் குப்பி.

"வந்துட்டியா? பாதிக்கு மேல முடிச்சிட்டேன்."

பாட்டிலின் வாசனை எங்களுக்கு முன்பே எட்டிவிட்டது.

"என்னப்பா பண்ற?"

"சீமெண்ணெ. செடிக்கு மூணு சொட்டு. நம்ம வயல்ல கூண்டுப்புழுவுக்கு விடுவோமுல்ல, அதேதான். ரேசன்ல இப்ப எங்க குடுக்கறான்? பத்திரமா வச்சிருந்தது." அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. "இனிமே ஆபீசர் வரட்டும், பாத்துக்கலாம்."

கூண்டுப்புழு நெற்பயிரின் இலையைத் துண்டாக வெட்டிக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்துகொண்டு மேயும். வயலில் நிற்கும் நீரில் மண்ணெண்ணெயைக் கலந்துவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு வரப்பில் நின்று பயிரின் மேல் கயிற்றை இழுத்துப் போவார்கள். கூண்டுகள் உதிர்ந்து நீரில் விழும், புழு சாகும், பிறகு நீரை வடித்துவிடுவார்கள். தண்ணீரில் புழு என்றால் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

செல்வி கத்தவில்லை. வரிசைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் புழுவெல்லாந்தாம்ப்பா என் படிப்பு."

"செடி ஆராய்ச்சின்னுல்ல சொன்ன?"

"பொண்ணு புழு பொறுக்கறான்னு ஊர்ல சிரிப்பாங்கன்னு அப்படிச் சொன்னேன்."

மாணிக்கம் குப்பியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினார். "நாலு வருசமா அப்படியே சொல்லிட்டு இருந்தியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு, "இப்ப என்னம்மா பண்றது? மிச்சத்துக்கும் விட்டுட்டா வெள்ளிக்கிழமை ஒண்ணும் இருக்காது. செடியாவது மிஞ்சும்" என்றார்.

அது நியாயமான யோசனை. நான் குறிப்பேட்டில் மூன்று வழி எழுதினேன். எல்லாவற்றுக்கும் விடலாம், செடிகள் தப்பும், ஆய்வு முடிந்தது. எல்லாவற்றையும் கழுவிப் புது நீர் ஊற்றலாம், அதற்கும் அதே கதி. விட்டதை விட்டபடியும் விடாததை விடாதபடியும் வைத்து எண்ணிக்கொண்டே போகலாம். வெள்ளிக்கிழமை இரண்டும் போகலாம்.

செல்வி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். எழுந்து போய்ச் சிவப்புக் கயிறு எடுத்துவந்து, மண்ணெண்ணெய் விட்ட செடிகளுக்குக் கட்ட ஆரம்பித்தாள். எந்தெந்தச் செடி என்று மாணிக்கம் பின்னாலேயே போய்க் காட்டினார். அறுபத்திரண்டு. மிச்சம் நாற்பத்தெட்டு.

அவர் ஊரிலிருந்து வயல் நண்டும் கொண்டுவந்திருந்தார். நசுக்கி ரசம் வைத்தோம். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாணிக்கம்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மலேசியாவுல நண்டு உண்டா?"

"உண்டுங்கப்பா. மிளகாய்ச் சாறுல பெரட்டித் தருவாங்க."

"வயல் நண்டா?"

"கடல் நண்டு."

"அதெல்லாம் நண்டுலயே சேத்தி இல்ல" என்றார். செல்வி அப்போதுதான் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மழை தொடங்கியது. கயிறு கட்டிய செடிகளின் நீரில் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டியது. ஊசித்தட்டான் குஞ்சுகள் மிதந்தன. இருபத்தேழாம் செடிக்கும் கயிறு கட்டியிருந்தது. செத்துக்கிடந்த அந்தக் கருஞ்சிவப்புப் புழுவை எடுத்து, கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய குப்பியில் போட்டு எண் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெஸ்ஸில் இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சாம்பாரும் இல்லாத குருமாவும் இல்லாத ஒன்று. இது ஈப்போவுக்கு வர வேண்டும். பிறகு மழையிலேயே கூத்தாநல்லூர் போனோம். செல்வியின் செடிகள் எல்லாம் அங்கே ஜமீலா அம்மா வீட்டுத் தோட்டத்திலிருந்து பிரித்து வந்த கன்றுகள். அவர் மாமியார் வெகுகாலம் முன்பு பினாங்கிலிருந்து கொண்டுவந்தவை. மாமரத்தடி முழுக்கப் பரவிக்கிடந்தன. மருந்தே காணாத தாய்ச்செடிகள். குனிந்து பார்த்த மூன்றாவது செடியிலேயே யானைக்கொசுப் புழு.

ஜமீலா அம்மா மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் தங்கையிடம் போனில் மலாயில் பேசிக்கொண்டிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஈப்போவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து செடிக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் காதில் விழவில்லை." காதில் விழுந்தது என்று மலாயிலேயே சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தம்ரூட் கொடுத்தார். ரவையும் பாலும் நெய்யும் முட்டையும் சேர்ந்த இனிப்பு. ஒரு துண்டோடு நிறுத்துவது கடினம்.

திங்கள் வெயில் வந்தது. செவ்வாய்க்கிழமை எண்ணெய்ப் படலம் போய்விட்டது. புதன்கிழமை, கயிறு கட்டிய செடிகளில் மயிரிழை போலக் கொசுப்புழுக்கள் தென்பட்டன. வியாழக்கிழமை கிண்ணத்துக்குக் கிண்ணம் நெளிந்தன. கயிறு கட்டாதவற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"கொசு முந்திருச்சு. அதைத் தின்னுறவங்க வந்து சேர நாளாகும்" என்றாள் செல்வி. நான் எண்ணியதை அவளும், அவள் எண்ணியதை நானும் மறுபடி எண்ணினோம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாணிக்கம் மண்ணெண்ணெய் விடத் தொடங்கியது கிழக்கு வரிசைகளிலிருந்து. அங்கே வெயில் அதிகம், வித்தியாசம் அதனாலும் வந்திருக்கலாம். இதை வைத்து முடிவு எழுத முடியாது. ஆனாலும் கயிறு கட்டிய வரிசைக்கும் கட்டாத வரிசைக்கும் நடுவே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பக்கம் தனக்குள் காவல் உள்ள குளம். மறுபக்கம் காவல் செத்த குளம். நடுவில் ஒரு முழ இடைவெளி.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். மாணிக்கமும் வந்திருந்தார். கயிறு கட்டிய செடிகளைக் காட்ட வேண்டாம் என்று செல்வி நினைத்திருக்கலாம். முதலில் அங்கேதான் கூட்டிப்போனாள்.

கரண்டியைப் பார்த்த ஆய்வாளர், "என்னம்மா, போன வாரத்துக்கு இது பத்து மடங்கா இருக்கு?" என்றார்.

மாணிக்கம் முன்னால் வந்தார். "என்னாலதாங்க. சீமெண்ணெ விட்டேன்."

"எதுக்கு, கூண்டுப்புழுவுக்கா?"

"ஆமாங்க."

"எங்கப்பாவும் விடுவாரு. கயிறு இழுக்க மறந்துட்டீங்களே." இருவரும் சிரித்தார்கள். ஆய்வாளர்தான் முதலில் நிறுத்தினார். கயிறு இல்லாத செடிகளில் மொண்டு பார்த்தார். ஆறாவது கரண்டியில் ஒரு கொசுப்புழு.

"இதுலயும் இருக்கே."

"இருக்கு சார்" என்றாள் செல்வி.

நான் நுண்ணோக்கியைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு கண்ணாடித் தட்டில், கயிறு கட்டாத செடியிலிருந்து எடுத்த யானைக்கொசுப் புழு. அவர் கரண்டியில் இருந்ததை அதே தட்டில் விட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் நிமிரவில்லை. கீழே தெருவில் ஐஸ்வண்டி மணி அடித்துக்கொண்டே போய், சத்தம் ஓய்ந்தது.

"பிடிச்சிருச்சு" என்றார், குனிந்தபடியே. "முழுசா உள்ள போவுது. ஒரு நாளைக்கு இது எத்தனை தின்னும்?"

"அதைத்தான் சார் எண்ணிட்டு இருக்கேன். எண்ணி முடிக்கத்தான் நேரம் கேக்கறேன்."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பின்தெருவைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். கயிறு கட்டியவை இன்றே காலியாக வேண்டும். மற்றவற்றைக் கொசுவலைக்குள் மூடி வைக்கலாம், மார்கழி கடைசிவரை. வெள்ளிதோறும் ஆள் வந்து பார்ப்பார்கள். இந்தத் தெருவில் யாருக்காவது டெங்கு என்று வந்தால், அன்றைக்கே இவையும் கவிழ்க்கப்படும். "எழுதிக் குடுத்துட்டுப் போறேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்."

மாலைக்குள் அறுபத்திரண்டு செடிகளையும் கவிழ்த்து வடித்தோம். தண்ணீர் படிக்கட்டில் வழிந்து காயும்வரை செல்வி அதைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வலை கட்டினாள். மாணிக்கம் ஒரு சின்ன வண்டி பிடித்து, காலிச் செடிகளை ஊருக்கு ஏற்றிப்போனார். தண்ணீர் நிற்காதபடி தென்னை மரங்களில் படுக்கைவாட்டில் கட்டப்போவதாகச் சொன்னார். மறுநாள் நான் கிளம்பினேன்.

இதை எழுதும்போது நிலைமை இது. நாற்பத்தெட்டுச் செடிகள் வலைக்குள் இருக்கின்றன. மூன்று வெள்ளிக்கிழமைகள் கடந்துவிட்டன. மூன்றிலும் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வலை இருப்பதால் புதிதாகத் தவளை வர முடியாது. ஆகவே ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அவள் நினைத்திருந்ததாக இருக்காது. உள்ளே மாட்டிக்கொண்டவை எப்படி வாழ்கின்றன என்பதை எழுதுகிறாள். நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் தெருவில், ஏழு வீடு தள்ளி, ஒருவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.